முஹய்யோவின் தேநீர்க் கிண்ணம்

உஸ்பெகிஸ்தானின் மார்கிலான் நகரில், எங்கள் தெருவில் வாஷிங் மெஷின் நின்றுபோனால் முதலில் தெரிவது முஹய்யோவுக்கு. அடுத்தது எனக்கு. மெஷின் வைத்திருப்பவளின் புருஷனுக்குக்கூட அதற்குப் பிறகுதான் தெரியும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முஹய்யோ தொழில் கற்றதே வேடிக்கை. அவள் புருஷன் தோஹிர்தான் முதலில் மெக்கானிக். பகலில் வீடுகளில் பெண்கள் மட்டுமே இருப்பார்கள், அந்நிய ஆண் உள்ளே போவது முறையில்லை. அதனால் தோஹிர் வாசற்கதவுக்கு வெளியே நிற்பான், பொண்டாட்டியை உள்ளே அனுப்புவான்.

"பின்மூடியக் கழட்டு! பெல்ட் இருக்கா?"

"இருக்கு!"

"இழுத்துப் பாரு!"

"தொளதொளங்குது!"

தெருவே கேட்கும். ஒரு கோடைக்காலத்தில் அவன் கத்தினான், உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுபடி கத்த வாயைத் திறப்பதற்குள் முஹய்யோ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "என்ன ஆச்சு?" என்றான். "ஓடுது" என்றாள். அவன் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் கடைவீதியில் கறிக்கடைக்காரர்களின் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறான். வீடுகள் எல்லாம் அவளுடையவை.

ரொட்டி வாங்கும் துணிப்பையில்தான் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர் எல்லாம் போட்டுக்கொண்டு வருவாள். வந்ததும் மெஷின்மேல் உள்ளங்கையை வைப்பாள். பிளக்கை முகர்ந்து பார்ப்பாள். பிறகு, மெஷினுக்கு என்ன ஆச்சு என்று கேட்கமாட்டாள். "அன்னிக்கு வீட்டுல என்ன நடந்துச்சு?" என்றுதான் கேட்பாள். மாமியாரை வைத்துக்கொண்டு எந்த மருமகள் வாயைத் திறப்பாள்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். "அக்கா, உங்க கையால ஒரு டீ கிடைக்குமா?" என்று மாமியாரிடம் கேட்பாள். வீட்டுக்கு வந்தவள் டீ கேட்டு இல்லை என்று சொல்லும் வீடு இந்த ஊரில் இல்லை. மாமியார் பெருமையோடு அடுப்படிக்குப் போவாள். தண்ணீர் கொதிப்பதற்குள் மருமகள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மெஷின் வயிற்றிலிருந்து எது வந்தாலும், காலித் தேநீர்க் கிண்ணம் ஒன்றை எல்லோருக்கும் நடுவில் வைத்து அதில் போடுவாள். "யாரோடது?" என்று கேட்பாள். பொத்தான், தோடு, சில்லறை என்று எவ்வளவோ வந்திருக்கின்றன. ஒரு வீட்டில் தங்கப்பல் வந்தது. அந்த வீட்டு மச்சினி வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாள். முஹய்யோ எதையோ அமுக்கிவிட்டாள் என்று இன்றுவரை ஒருத்தியும் சொன்னதில்லை. அந்தக் கிண்ணம்தான் அவள் மானம்.

இந்த வருஷம் வசந்தகாலப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகைக்கு முன்னால், ஊரே துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த வாரம், என் பக்கத்து வீட்டு மெஷின் நின்றது. அது ஒய்னிஸாவின் வீடு. அவள் மகன் தாஷ்கண்டில் வேலை பார்க்கிறான். போன இலையுதிர்காலத்தில் வந்த மருமகள் ஹிலோலா. மெஷின் அவள் கொண்டுவந்த சீர், அவள் அப்பா பசுவை விற்று வாங்கியது. ஒய்னிஸாவுக்கு அது வந்த நாளிலிருந்தே ஆகாது. "துணியப் பெட்டிக்குள்ள போட்டுட்டு உக்காந்திருந்தா அது துவைக்கிறதா? கை படாம அழுக்கு போகுமா?" என்று தெருவில் போகிறவளை நிறுத்திக் கேட்பாள்.

ஹிலோலா அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுநாள் சட்டைகளைப் போட்டிருக்கிறாள். தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டது. ஒய்னிஸா குதித்தாள். "கெட்டுப்போன சாமான என் தலையில கட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமை வண்டியில ஏத்தி அவங்கப்பன் வாசல்லயே எறக்குறேன், பாரு!"

அந்த வெள்ளிக்கிழமைதான் ஹிலோலாவின் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். சீர் சாமான் வண்டியில் திரும்பி வருவதைப் பார்த்தால், வருகிறவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஹிலோலா இதைச் சொல்லும்போது கண் இரண்டும் வீங்கியிருந்தன. உடனே முஹய்யோவுக்கு போன் போட்டேன். அவள் வரும் நேரம் பார்த்து, ஒரு தட்டில் சமோசாவை அடுக்கிக்கொண்டு நானும் போய்விட்டேன். தட்டோடு வருகிறவளை யாரும் என்ன வேலையாக வந்தாய் என்று கேட்க முடியாதல்லவா.

முஹய்யோ உள்ளங்கையை வைத்தாள், பிளக்கை முகர்ந்தாள். "வீட்டுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. இவ பொத்தானத் தட்டினா, அது செத்துப்போச்சு" என்றாள் ஒய்னிஸா.

"அதுக்கு முந்தின நாள்?"

"இவதான் ஊர்லயே இல்லையே. யாரும் அதத் தொடவே இல்ல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எனக்கே என்னவோ போலிருந்தது.

முஹய்யோ கீழேயிருந்த சின்னக் கதவைத் திறந்து தண்ணீரை வடித்தாள். ஹிலோலா பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுபோய் ஊற்றினாள். பிறகு முஹய்யோ ஃபில்டரைத் திருகி எடுத்து உள்ளே கைவிட்டாள். கை மூடியபடி வெளியே வந்தது. கிண்ணத்தைக் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. விரலிடுக்கில் ஈரப் பஞ்சு தெரிந்தது, அதோடு ஒரு பச்சை நூல். இந்தத் தெருவில், தரையில் விரித்து உட்காரும் மெல்லிய பஞ்சு மெத்தையைப் பச்சை நூலால் தைக்கிறவள் ஒய்னிஸா ஒருத்திதான்.

"ஹிலோலா, ஒரு டீ போட்டுட்டு வாம்மா" என்றாள் முஹய்யோ. மருமகளை டீ போட அனுப்பி நான் பார்த்தது அன்றுதான். "சலோமத் அக்கா, நீங்களும் போய் ஒத்தாசை பண்ணுங்க."

போனேன், முற்றத்துக் கொடிவரைக்கும். அங்கே காய்ந்த விரிப்பு என்னை மறைக்கப் போதுமானதாக இருந்தது.

"ஒய்னிஸா அக்கா, இது ஒரு மெத்தைய முழுங்கப் பாத்திருக்கு."

ஒய்னிஸாவின் குரல், அவள் குரல் மாதிரியே இல்லாமல் வந்தது. "மெதுவாப் பேசு... முன்னால கண்ணாடி இருக்குல்ல? உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். தானா சுத்துது, நுரை வருது, தானா அலசுது. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து வாய்க்கால் தண்ணியில கைய வச்சிருக்கேன் முஹய்யோ. எந்திரிக்கவே மனசு வரல. அடுப்புல புலாவு கருகிப்போச்சு."

"மருமக இருக்கும்போதே கேட்டிருக்கலாமே?"

"அவ்வளவு பேச்சுப் பேசிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"மெத்தை வெளுத்துச்சா?"

"எங்க வெளுத்துச்சு! தூக்கவே முடியல. கோழிக்கூண்டுக்குப் பின்னால கெடக்கு."

சிரிப்பை அடக்க நான் விரிப்பைக் கடித்துக்கொண்டேன். உடனே ஹிலோலாவின் கண்கள் நினைவுக்கு வந்தன, சிரிப்பு போய்விட்டது. தன் வெட்கத்தை மறைக்க ஒரு பெண்ணின் அப்பாவை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கப் பார்த்தாளே என்று ஆத்திரம் வந்தது. போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், முஹய்யோ முந்திக்கொண்டாள்.

"இந்தாங்க, கையில வச்சுக்கங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கிண்ணத்துல போடறதா, மறைச்சுக்கறதா, நீங்களே பாத்துக்கங்க. ஆனா மெஷின் நல்லா இருக்கு அக்கா."

ஹிலோலா டீ கொண்டுவந்தாள். நானும் தட்டும் கையுமாக அவள் பின்னாலேயே வந்தேன். முஹய்யோ வழக்கம்போல ஒரு கிண்ணத்தை நடுவில் வைத்தாள். அது காலியாக இருந்தது. "யாரோடது" என்றும் கேட்கவில்லை.

"ஒண்ணுமே கெடைக்கலையா அக்கா?" என்றாள் ஹிலோலா. உள்ளே ஒன்றும் சிக்கவில்லை என்றால் கோளாறு மெஷினுடையது, அதாவது அவள் அப்பாவுடையது.

முஹய்யோ சமோசாவைப் பிட்டாள். நான் ஒய்னிஸாவின் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கை நீண்டது, திறந்தது, ஈரப் பஞ்சு கிண்ணத்தில் விழுந்தது.

"என்னோடது" என்றாள்.

ஹிலோலா பஞ்சைப் பார்த்தாள், பச்சை நூலைப் பார்த்தாள். "மெத்தையா அத்தை?"

"மெத்தைதான். வண்டியும் வராது ஒண்ணும் வராது. பேசாம டீய ஊத்து."

அந்தப் பெண் பதற்றத்தில் மாமியாரின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டாள். எங்கள் ஊரில் நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஒய்னிஸா கிண்ணத்தைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "என்னடி, என் வீட்டுலேர்ந்தே என்னைய வெளிய அனுப்பறியா?" முதலில் சிரித்தது ஹிலோலாதான். சிரித்துக்கொண்டே அழுதாள்.

வாசலில் நான் முஹய்யோவிடம் கேட்டேன். "அவ மறைச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நான் என்ன பண்றது? விரிப்புக்குப் பின்னால ரெண்டு கால் தெரிஞ்சுதே, அது சும்மாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஹிலோலாவின் அப்பா வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கத்தான் செய்தது. அதிலிருந்து ஒய்னிஸா கையில் ரொட்டி மூட்டையோடு இறங்கினாள். நானும் கூடப் போயிருந்தேன், போகாமல் இருப்பேனா? பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து பேச்சை ஆரம்பிப்பதற்குள், ஒய்னிஸா தன் வெள்ளைச் சால்வையின் நுனியை அவர்கள் பக்கம் நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க" என்றாள். "எங்க மருமக கொண்டுவந்த மெஷின்ல துவைச்சது."