கொட்டச்சேட்டுக்குப் போன முறுக்கு

வெள்ளிக்கிழமை இரவு, சென்னை. தோளில் ஒரே ஒரு பையை மாட்டிக்கொண்டு நான் கிளம்பியபோது என் வீட்டுக்காரர், "கல்யாணத்துக்குப் போறியா, காய்கறி வாங்கப் போறியா?" என்று கேட்டார். ஒரு நாள் திருப்பதிக்குப் போவதற்கே சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு வரும் மனிதர் அவர். பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று செருப்பை மாட்டினேன்.

இந்த ஒரு பை மகிமைக்குக் காரணம் பேக்கிங் க்யூப். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜிப் வைத்த, சதுரமான, மெல்லிய துணிப்பைகள். புடவைக்கு ஒன்று, உள்பாவாடை ரவிக்கைக்கு ஒன்று, துண்டு சோப்புக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டு, ஜிப்பை இழுத்துப் பெரிய பைக்குள் வரிசையாக நிறுத்திவிட வேண்டியதுதான். துணி கலையாது, இடமும் பாதியாகச் சுருங்கிவிடும். முக்கியமாக, எந்த வீட்டுக்குப் போனாலும் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம். ஆறு பை கொண்ட செட் அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய். ஆறும் சாம்பல் நிறம். பல நிறங்களில் இருந்த செட் நூறு ரூபாய் அதிகம். எதில் எது இருக்கிறது என்பது என் மண்டையில் இருக்கும்போது நிறம் எதற்கு?

அந்த ஆறில் ஒன்றுதான் இந்தப் பயணத்துக்கே காரணம். என்னோடு வேலை பார்க்கும் கோமதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாணம். ஏற்காட்டுக்கு அப்பால் கொட்டச்சேடு அவள் ஊர். அம்மா ராசம்மா காபி எஸ்டேட்டில் வேலை செய்பவர். மாப்பிள்ளை வீட்டார் சேலத்துக்குப் பக்கம் அயோத்தியாப்பட்டணம். அவர்கள் எடுத்த அரக்கு நிற முகூர்த்தப் பட்டை, ரவிக்கையில் வேலைப்பாடு செய்வதற்காகக் கோமதியிடம் முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். சென்னைத் தையற்காரர் இழுத்தடித்ததில் கோமதி ஊருக்குக் கிளம்பும்வரை ரவிக்கை தயாராகவில்லை. "நீ போ, நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்று மார்தட்டிக்கொண்டவள் நான்தான். பட்டையும் ரவிக்கையையும் வாங்கி ஒரு க்யூபில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியுமுன் சேலம் சந்திப்பு. நான் வந்த ரயிலின் பெயர் ஏற்காடு எக்ஸ்பிரஸ். பெயர்தான் அப்படி, மலைப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. இறங்கி ஆட்டோ பிடித்து அஸ்தம்பட்டியில் என் நாத்தனார் சாந்தாமணி வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. சேலத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் குளியல், டிபன். அன்றும் அப்படித்தான். அவளுக்காக ஒரு கைத்தறிப் பருத்திப் புடவை வாங்கி இன்னொரு க்யூபில் வைத்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் அந்தப் பையை உருவி, "இந்தா, உனக்குத்தான், எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வெளியே வந்தபோது பையை அவளே என் தோள்பையில் பழையபடி செருகி வைத்திருந்தாள். ஆவி பறக்கும் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் தயாராக இருந்தன. தட்டை வைத்தவள் கண் கலங்கி, எதுக்கு அண்ணி இதெல்லாம் என்றாள். ஒரு பருத்திப் புடவைக்கு இந்த உபசாரம் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. இன்னும் ரெண்டு இட்லி, இருந்துட்டு மத்தியானம் போங்க என்று அவள் கெஞ்சியதைக் காதில் வாங்காமல் ஏழரை மணி பஸ்ஸுக்கு ஓடினேன்.

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு ஏறத் தொடங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே போனால் வாந்தி வராது என்று பக்கத்து இருக்கை அம்மாள் சொன்னார். அவரோ எட்டாவது வளைவிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தார். அவர் காலடியில் வெங்காய மூட்டை, பின்னால் யாருடையதோ பிளாஸ்டிக் நாற்காலிகள், டிரைவர் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கான மல்லிகைக் கூடை. கண்டக்டர் என் பையைத் தேடிப் பார்த்து, லக்கேஜ் அவ்வளவுதானுங்களாக்கா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன், மிகுந்த திருப்தியோடு.

பதினைந்தாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. பங்குனி மாதம், பத்து நாளுக்கு முன் மழை பெய்திருக்கிறது, காபி பூத்துவிட்டது. செடியின் கிளைதோறும் வெள்ளை வெளேரென்று பூ. மல்லிகைக் கூடை பஸ்ஸுக்குள்ளேயே இருந்தும், ஜன்னல் வழியே வந்த காபிப்பூ வாசனைதான் ஜெயித்தது. ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கி, மிளகுத்தூள் தூவிய மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு தின்று, கொட்டச்சேட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன். பத்து கிலோமீட்டர் இருக்கும். இரு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி, அடியில் காபி. சேலத்தின் வெயில் இந்த உலகத்தில்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வரும்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்யாண வீடு. பந்தல் போட்டு, வாழை கட்டியாகிவிட்டது. கோமதி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் மஞ்சளில் மின்னியது. ராசம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே விஷயத்துக்கு வந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். அவர்கள் எடுத்த புடவையை அவர்கள் கண்ணெதிரே தட்டில் வைத்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் பெண் கட்ட வேண்டும். அதனால் இப்போதே பார்த்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம் என்றார். ஏழெட்டுப் பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் பந்தாவாகவே க்யூபை நடுவில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

உள்ளே முறுக்கு.

கை முறுக்கு, வெண்ணெய் போட்டது, நொறுங்காமல் வரிசையாக அடுக்கி, சுற்றிலும் காகிதம் வைத்திருந்தது. எல்லோரும் முறுக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த ஒரு பெரியம்மா மட்டும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

மற்ற பைகளைக் கவிழ்த்தேன். இன்னொன்றிலிருந்து பருத்திப் புடவை வந்து விழுந்தது. அப்போதுதான் உறைத்தது.  நான் சாந்தாமணிக்குக் கொடுத்தது முகூர்த்தப் பட்டு! கொடுத்தவர் எதிரில் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று உள்ளே எடுத்துப் போயிருக்கிறாள். வெறும் பையைத் திருப்பித் தரக்கூடாது என்று முறுக்கை நிரப்பி வைத்திருக்கிறாள். ஒரு குற்றமும் அவள்மேல் இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; சறுக்கிய இடம் மலையுச்சியாகவா இருக்க வேண்டும்?

கோமதி அழவில்லை. அழாமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்கத்தான் முடியவில்லை. "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்டா என்ன சாமி சொல்றது?" என்று ராசம்மா அவளையே கேட்டார். எனக்கு அந்தப் பாயை விலக்கிக்கொண்டு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வீட்டில் செல்போன் சிக்னல் இல்லை. ரோட்டு வளைவில் போய் நின்றால் கிடைக்கும் என்றார்கள். ஓடினேன். என் பின்னால் கோமதியும் வந்தாள். நம்பரைப் போடும்போது எனக்குப் புடவையைவிட இன்னொன்று பயமாக இருந்தது. கொடுத்ததை எந்த வாயால் திருப்பிக் கேட்பது? அதுவும் நாத்தனாரிடம்.

நான் பேசுவதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "போய்ச் சேந்துட்டீங்களா அண்ணி? உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்குக் கண்ணாலமாகி இத்தன வருசத்துல இப்படியொரு பட்டு நான் கட்டுனதில்லீங்க. ரவிக்கையுங்கூடத் தெச்சுக் கொண்டாந்திருக்கீங்க. நொம்ப ஒல்லியாத் தெச்சுட்டீங்க அண்ணி, இன்னும் என்னைய அப்படியே நெனச்சிருக்கீங்க பாருங்க. பக்கத்துத் தையக்காரர்கிட்டப் பிரிச்சு விடச் சொல்லிக் குடுத்துட்டு இப்பத்தான் வந்தேன்."

பிரித்து விட.  கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாந்தாமணி, என்னை மன்னிச்சுடும்மா. அது உனக்கு எடுத்ததில்லை. நாளைக்கு இங்கே பொண்ணு கட்ட வேண்டிய புடவை. பை மாறிப் போச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

போனை எடுத்துத் திரையைப் பார்த்தேன். சிக்னல் போய்விட்டதா, அவள் வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. பிறகு குரல் வந்தது. "அய்யோ, அந்தப் புள்ள என்ன பாடு படுதோ. வெய்யிங்க அண்ணி, அவரு பிரிக்கறதுக்குள்ள ஓடறேன்." வைத்துவிட்டாள். எனக்கு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

அன்று பகல் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. சாப்பாடு போட்டார்கள், இறங்கவில்லை. முறுக்கு மட்டும் சம்பந்தமில்லாமல் எல்லோர் கையிலும் சுற்றி வந்தது. காபித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு பெண் கூப்பிட்டாள். ரோட்டு வளைவை விட்டு நான் நகரவில்லை. ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பஸ்ஸில் அவள் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

மாலை ஐந்தரைக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் ஆட்களுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவில் சாந்தாமணி, மடியில் ஒரு மஞ்சப்பையைக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். முகூர்த்தப் புடவையை யார் கையிலயோ குடுக்கறதா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

பட்டு பத்திரம். ரவிக்கைதான் தப்பவில்லை. இவள் போவதற்குள் தையற்காரர் இரண்டு பக்கமும் பிரித்து, விட்டுத் தைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டாராம். கோமதி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. தைத்து ஒட்ட வைத்ததுபோல் ரவிக்கை பொருந்தியிருந்தது. சென்னையில் ஹாஸ்டல் சாப்பாட்டில் இருந்தபோது முதலில் கொடுத்த அளவு வேறு. ஊருக்கு வந்ததிலிருந்து சித்தி வீடு, மாமன் வீடு என்று ஆளாளுக்கு விருந்து வைத்ததில் பெண் ஒரு சுற்று பூரித்துவிட்டாள். பழைய அளவிலேயே வந்திருந்தால் கையே நுழைந்திருக்காது.

"இந்த அக்கா மட்டும் வரலைன்னா நான் மூச்சு விடாம தாலி கட்டிக்கணும்" என்று கோமதி சிரித்தபோதுதான் வீடே மூச்சு விட்டது. ராசம்மா சாந்தாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கல்யாணம் முடியாமல் இவங்களை மலை இறங்க விடக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு சொன்னார்கள். மாற்றுத் துணிகூட இல்லாமல் வந்திருந்தாள். பருத்திப் புடவையை எடுத்துக் கூச்சத்தோடு நீட்டினேன். எல்லோர் எதிரிலும் அதைப் பிரித்து, முந்தானையைத் தூக்கிப் பார்த்து, "இது என்னுதுதானுங்களே அண்ணி? அப்பறம் போன் பண்ண மாட்டீங்களே?" என்றாள். பாயில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நானும்தான் சிரித்தேன்.

ஞாயிறு காலை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மலையின் இன்னொரு பாதையான குப்பனூர் ரோடு வழியாக ஒரு வேனும் இரண்டு காரும் நிறைய வந்தார்கள். புடவை தட்டில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரவிக்கை வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்து மெச்சினார். பருத்திப் புடவை கட்டிய சாந்தாமணி முதல் வரிசையில், ராசம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பந்தியில் பலாச்சுளைப் பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

மதியம் இரண்டு மணி பஸ்ஸில் மலை இறங்கினோம். மாலை ஐந்து மணி ரயிலுக்கு எனக்கு டிக்கெட் இருந்தது. அடிவாரம் நெருங்க நெருங்க வெயில் முகத்தில் அடித்தது. மனசு உறுத்த, தீபாவளிக்கு உனக்கு நிஜமாகவே ஒரு பட்டு எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டியவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பட்டெல்லாம் இருக்கட்டுங்க அண்ணி. நீங்க வந்தீங்கன்னா உங்க பை ஒரு மூலையில நிக்குது. ஒரு துணிகூட அதை விட்டு வெளிய வர்றதில்ல. குளிச்சுட்டு, ரெண்டு இட்லி தின்னுட்டுப் போயிடறீங்க. உங்களுக்குன்னு பீரோவுல ஒரு தட்டு காலியாவே வெச்சிருக்கறேன், ஊடு கட்டுன நாள்லேர்ந்து."

 அவள் வீடு கட்டி எத்தனை வருஷம் என்று யோசிக்கவே வெட்கமாக இருந்தது. கோரிமேட்டில் போனை எடுத்து ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன். ஆபீசுக்கு லீவு சொன்னேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சாம்பார்ப் பொடி இருக்கும் இடத்தைச் சொன்னேன். என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று பதறினார். உங்க தங்கச்சி வீட்டில் இருக்கப்போகிறேன் என்றதும், "அப்ப நானும் வரட்டுமா?" என்றார்.

அஸ்தம்பட்டி. காலைக் கழுவிக்கொண்டு நேராகப் பீரோவுக்குப் போனேன். நடுத் தட்டில் செய்தித்தாள் விரித்து, பூச்சி அண்டாமலிருக்க ஓரத்தில் ஒரு வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்தாள். ஆறு க்யூபையும் கட்டிலில் வைத்து, ஜிப்பைத் திறந்து, இருந்த துணியெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். அத்தனையும் வைத்த பிறகும் தட்டில் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது. சாந்தாமணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் நாலு துணி கொண்டாந்திருக்கலாமுங்க அண்ணி" என்றாள்.