ஐம்பது கால் பஸ்

ஊரெல்லாம் பென்டியம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், நானும் என் நண்பனும் நாங்கள் பிறப்பதற்கு முந்தைய பாணியில் ஓர் எட்டு பிட் கம்ப்யூட்டரைக் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தோம். வேலையற்ற வேலை என்றார்கள் என் வீட்டில். இதை வைத்து என்ன பண்ணப்போகிறீர்கள் என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை.

பிராசசரும் மெமரியும் உள்ள பலகை புதுச்சேரி நெல்லித்தோப்பில் என் வீட்டில் இருந்தது. டிவி திரையில் எழுத்தைக் காட்டும் வீடியோ கார்டு குருசுக்குப்பத்தில் அவன் வீட்டில் வளர்ந்தது. இரண்டையும் இணைக்கும் ஒயர் வரிசைக்கு பஸ் என்று பெயர்; அதை வடிவமைப்பது என் பொறுப்பு. ஒரே வரிசையில் மொத்தம் ஐம்பது பின், எங்கள் பேச்சில் கால். எதில் எந்த சிக்னல், எதில் மின்சாரம் என்று தீர்மானிக்க வேண்டும். முதல் காலில் ஐந்து வோல்ட், கடைசிக் காலில் மின்சாரம் திரும்பும் கிரவுண்டு என்று வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. போனில் நான் ஒவ்வொரு காலாகச் சொல்ல, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்கத்தில் அவன் பிரெஞ்சிலேயே எண்ணிக்கொண்டு ஒயரைப் பற்றவைத்தான்.

அவசரம் அவனுக்குத்தான். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வழியில் இவனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. பட்டாளத்தில் சேர விமானம் ஏற வேண்டும்.

"போறதுக்குள்ள ஒரே ஒரு எழுத்தாவது பாத்துடணும்டா" என்றான். எனக்கும் அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

கிளம்புகிற வாரத்தில் கார்டை எடுத்து வந்தான். சொருகி சுவிட்சைப் போட்டேன். திரை இருட்டாகவே இருந்தது. வீடியோ சிப் மேல் விரலை வைத்தவன் வெடுக்கென்று எடுத்தான்.

நான் கால்களை எண்ணியது பலகையை மேலிருந்து பார்த்து. அவன் எண்ணியது, ஒயர் பற்றவைக்கும் அடிப்பக்கத்தைப் பார்த்து. என் முதல் கால் அவனுக்குக் கடைசிக் கால். ஐந்து வோல்ட் தலைகீழாக ஏறி சிப்பைப் பொசுக்கிவிட்டது. அவ்வளவு பேசியும், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறாய் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"வேற சிப் இருக்காடா?"

"ஏதுடா? சண்டே மார்க்கெட்ல ஒரு பழைய கேம் பெட்டியில கழட்டுனது. ஒண்ணுதான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவன் கார்டை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

அவன் விமானம் ஏறிய பிறகு பஸ்ஸை மாற்றினேன். நடுக்கால் இரண்டும் கிரவுண்டு, இரண்டு ஓரத்திலும் ஐந்து வோல்ட். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மின்சாரம் இடம் மாறாது. சிப்பைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுத்து வந்த அன்று யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவனுக்கும் சொல்லவில்லை, லீவில் வரும்போது அவனே பார்க்கட்டும் என்று துணி போட்டு மூடி வைத்தேன்.

வந்தான். உடம்பு ஏறியிருந்தது, முடியை ஒட்ட வெட்டியிருந்தான். உட்காரவைத்து சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் அவன் பெயர் வந்தது.

"சூப்பர்டா" என்றான். பிறகு, "ஆமா, இத வச்சி என்னடா பண்ணலாம்?"

ஊரே எங்களைக் கேட்ட கேள்விதான். அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.