அஸிஸேயின் இடது கண்

ரெஜெப் இருபது வருடமாக ரொடோபி மலைக் கிராமங்களில் கல்யாணப் படம் எடுப்பவர். பட்டப்பகலில் ஃபிளாஷ் அடிக்கிறாரே என்று அவரைக் கேலி செய்யாத ஆளே அங்கே கிடையாது. "சூரியன் போதலையாக்கும் உனக்கு?" என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! சுற்றிலும் பனி, பெண்ணின் முதுகுக்குப் பின்னால் வெயில். ஃபிளாஷ் இல்லாவிட்டால் முகம் இருண்டுபோகும். முழுசாக அடித்தாலோ, அந்த ஊர் வழக்கப்படி வெள்ளை பூசி ஜிகினா ஒட்டிய மணப்பெண் முகம் வெறும் தட்டாக வெளுத்துவிடும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் அவர் பிழைப்பே இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிப்ரவரியில் அஸிஸேயின் கல்யாணம். இமாம் ஓதி முடிக்கும்வரை மணப்பெண் கண் திறக்கக் கூடாது, பேசவும் கூடாது. நண்பகலில், ஃபிளாஷை ஒரு படி குறைத்து எடுத்த முதல் படத்தை ரெஜெப் பெரிதாக்கிப் பார்த்தார். இடது இமை சிவந்து வீங்கியிருந்தது. அதிலிருந்து நீர் வழிந்து வெள்ளைப் பூச்சைக் கரைத்திருந்தது.

"பொண்ணு அழுவுது போல," என்று பெண்ணின் மாமியார் நஜிபேயிடம் ரெஜெப் சொன்னார்.

"அம்மா வீட்டை விட்டு வர்றவ அழாம, பின்ன ஆடுவாளா? படத்துல தெரியாம பாத்துக்கப்பா."

ஒரு கண் மட்டுமா அழும்? அந்தக் கேள்வி ரெஜெப்புக்கு வரத்தான் செய்தது. ஆனால் கை முந்திக்கொண்டது. பெண்ணைச் சற்றுத் திருப்பி நிறுத்தி, ஃபிளாஷை இன்னும் ஒரு படி இறக்கினார். சிவப்பு நிழலுக்குள் போய்விட்டது. படங்கள் அருமையாக வந்தன.

மாலையில் ஓதி முடிந்ததும் அஸிஸே வலது கண்ணை மட்டும்தான் திறந்தாள். ஜிகினாப் பசை இடது கண்ணுக்குள் இறங்கிப் புண்ணாக்கியிருந்தது. உடனே கழுவியிருந்தால் பார்வை தப்பியிருக்கும் என்றார் டவுன் டாக்டர்.

ஊர் வேறு கதை கட்டியது. அவள் பொறுமையில்லாமல் நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தாளாம், அதனால் வந்த வினையாம். ஆல்பத்தில் மத்தியானம் முழுக்க முகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நஜிபே வந்தவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டினாள். ரெஜெப்புக்கு உண்மை தெரியும். ஆனாலும் மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தார். கோழைத்தனம், வேறென்ன.

கடைசியில் அந்த முதல் படத்தைப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு நஜிபே வீட்டுக்குப் போனார். கொடுத்த காபியைத் தொடவில்லை. படத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது பன்னண்டரைக்கு எடுத்தது. இவ கண்ணைத் திறக்கவே இல்ல. சிவந்திருந்ததை நான் பாத்தேன். பாத்துட்டு, வெளிய தெரியக் கூடாதுன்னுதான் ஃபிளாஷைக் குறைச்சேன்."

நஜிபே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் கட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்த அஸிஸேதான் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க அத்தைகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு மாமா. அப்பாடா, ஒருத்தராச்சும் பாத்துட்டாரு, இப்ப யாராவது தண்ணி கொண்டு வருவாங்கன்னுதான் காத்துக்கிட்டே நின்னேன்."