பஸீலாக்காவோட வலது கை

எங்க காலேஜ் லேப்ல பஸீலாக்கா பதினோரு வருஷமா அட்டெண்டரா இருக்காவ. பொறந்த ஊரு கடையநல்லூர், வாக்கப்பட்டது சங்கரன்கோவில். புருஷன் தவறுன பொறவு ஒத்தை மக ரிஸானாவைப் படிக்க வச்சு, நிக்காஹ் முடிச்சு, இப்ப தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டியாந்திருந்தாவ. பாம்புக்குப் பயப்படாத மனுஷி. படிச்சவுக சொல்லுத சொல்லுக்குத்தான் பயம், ஏன்னா அதை அப்படியே நம்பிருவாவ.

நான் பொன்செல்வி, அதே லேப்ல ஆராய்ச்சி பண்ணுதேன். எனக்கு வாய் அதிகம், கோவம் அதைவிட அதிகம். மேலநீலிதநல்லூர் பக்கம் மானாவாரிக் காட்டுல நிக்க சோளத்து வேர்ல இருந்து ஆர்.என்.ஏ. பிரிச்சு எடுக்கது என் வேலை. அதைத் துண்டு துண்டா வெட்டிப்போடுத புரதம் ஒண்ணு இருக்கு, ரைபோநியூக்ளியேஸ்னு பேரு. மனுஷ உடம்புல இருக்க அதையே பாக்டீரியாவை வச்சு உண்டாக்கி, ஆராய்ச்சிக்குன்னு சின்னக் குப்பியில விக்காவ. சோதனைக்கு அதுவும் வேணும். ஆனா துளி தப்பி என் மாதிரியில பட்டா மூணு வருஷப் பாடு போச்சு.

குப்பி வந்த அன்னைக்கு பஸீலாக்கா வெறுங்கையால எடுத்துட்டு வந்தாவ. எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு.

"யக்கா, இது விஷம். பட்டா உள்ள இருக்கதையெல்லாம் அறுத்துப் போட்ரும். கழுவுனாலும் போவாது, கொதிக்க வச்சாலும் சாவாது. கிட்டயே வந்துராதிய"ன்னு கத்துனேன்.

எதை அறுக்கும்னு சொல்லல. கையுறை போட்டுக்கிடுங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பயமுறுத்துனாத்தான் மண்டையில ஏறும்னு ஒரு திமிரு எனக்கு.

அடுத்த புதன்கிழமை பஸீலாக்கா ஸ்பூன்ல சோறு சாப்பிடுததைப் பாத்தேன், அதுவும் இடது கையால. "என்னக்கா, துரைசாணி ஆயிட்டியளா"ன்னு கேலி பண்ணுனேன். அவுக சிரிக்கல. வலது கையைச் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டாவ. வெள்ளிக்கிழமை வேலைக்கு வரல.

சனிக்கிழமை காலையில லேப் வாசல்ல வந்து நின்னாவ. முந்தானையை அந்தக் கையில சுத்தியிருந்தாவ. மூஞ்சி வெளிறிப் போயிருந்துச்சு.

"செல்வி மேடம், ஒண்ணு கேக்கணும். வைய மாட்டியளே?"

செவ்வாய்க்கிழமை நான் கழுவப் போட்ட டியூப்ல அந்தப் புரதம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. அது அவுக கையில சிந்திட்டு. என்கிட்ட சொல்லப் பயம். சோப்புப் போட்டுக் கழுவியிருக்காவ, பிளீச்சிங் பவுடர் கரைச்சு அதுல கையை முக்கி வச்சிருக்காவ. கழுவுனாலும் போவாதுன்னு நான் சொன்னதுதான் காதுல நின்னிருக்கு. அன்னையில இருந்து மகளை அவுக தொடவேயில்ல.

"வியாழக்கிழமை ராத்திரி ரிஸானாவுக்கு வலி வந்துட்டு. ஆட்டோவுல, கையைப் பிடிச்சுக்கோ உம்மான்னு அழுதா. நான் ஓரமா ஒதுங்கி உக்காந்துட்டேன் மேடம். வயித்துப் பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயம்."

வெள்ளிக்கிழமை விடியக்காலம் பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. பொறந்த பிள்ளை நாக்குல முதமுதல்ல விரலால சீனித்தண்ணி தொட்டு வைக்கதைச் சேனை வைக்கதுன்னு சொல்லுவோம். டாக்டருக வேண்டாம்னுதான் சொல்லுதாவ, ஆனா யாரு கேக்கா? சேனை வச்சவுக குணம் பிள்ளைக்கு வரும்னு நம்பிக்கை. உம்மாதான் வைக்கணும்னு ரிஸானா மாசக்கணக்கா சொல்லிட்டு இருந்திருக்கா.

"மாட்டேன்னுட்டேன். சம்பந்தியம்மா வச்சிட்டாவ. பொட்டப்பிள்ளைன்னுதான தொட மாட்டேங்கன்னு எம்மக கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? விஷத்தைத் தொட்டுட்டு வந்து உன் பக்கத்துல இருந்தேன்னா?" அழுகையை முழுங்கிட்டு, "இது எத்தனை நாள்ல போவும் மேடம்?"ன்னு கேட்டாவ.

"யக்கா, அது விஷமே இல்ல. நம்ம வேர்வையிலயே இருக்கதுதான். உங்க கையில, என் கையில, எல்லார் கையிலயும் இருக்கு. என் ஆர்.என்.ஏ.வுக்குத்தான் அது ஆகாது"ன்னேன்.

"எங்கையில முந்தியே இருந்துச்சா?"

"பொறந்ததுல இருந்தே இருக்குக்கா."

முந்தானையை அவுத்துப் பாத்தாவ. பிளீச்சிங்ல தோலு உரிஞ்சு செக்கச்செவேல்னு இருந்துச்சு. என்னை வையுவாவன்னு காத்துக்கிட்டு நின்னேன். வைஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

என் ஸ்கூட்டியிலயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்களைப் பாத்ததும் ரிஸானா சுவரைப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கிட்டா. பஸீலாக்கா கட்டில் ஓரமா நின்னாவ. இவதான் காரணம்னு என்னைக் கைகாட்டல. நானே சொன்னேன், கத்துனது, விஷம்னு பொய் சொன்னது, எல்லாத்தையும்.

ரிஸானா மெதுவா எந்திச்சு, தோலு உரிஞ்ச அந்தக் கையைப் பிடிச்சுப் பாத்து அழுதா. பொறவு பிள்ளையைத் தூக்கி உம்மா மடியில வச்சா. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

"சேனை ஒரு தடவைதான் வைப்பாங்க மேடம்."