வௌவாலுக்குக் கேட்கும் சத்தம்

மூன்று வாரத்துக்கு முன்பு ஈப்போவில் நடந்தது. இன்றைக்குத்தான் எழுத மனம் வந்தது.

பள்ளி விடுமுறை. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் யாழினியின் நச்சரிப்பு தாங்காமல் கமுந்திங்கிலிருந்து காரில் கிளம்பினோம். பிள்ளைகளே எல்லாவற்றையும் தொட்டுச் செய்து பார்க்கும்படி அமைத்திருந்த ஓர் அறிவியல் கண்காட்சி. நான், அவள், என் கணவர் சரவணன்.

(அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். உள்ளே ஏர்கோன் இருக்கும் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டார்.)

காந்தம், கண்ணாடி, நிழல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே காதைப் பற்றிய பகுதிக்கு வந்தோம்.

விளையாட்டு எளிது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கனமாகத் தொடங்கும் சத்தம் போகப்போக மெலிந்து கீச்சென்று ஆகும். கேட்கும்வரை கையை எடுக்கக் கூடாது. அதுவரை திரையில் ஓர் அணில் மரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

யாழினியின் அணில் கிட்டத்தட்ட உச்சிக்கே போனது. என்னுடையது முக்கால் மரம்.

சரவணனுடையது பாதி மரம்கூட ஏறவில்லை.

"ஹெட்ஃபோன் ரோசாக் லா," என்றார். பழுதாகிவிட்டதாம்.

அங்கே பொறுப்பில் இருந்த பெண் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி. வேறொரு ஹெட்ஃபோனை மாற்றிக் கொடுத்தாள்.

இந்த முறை அவர் பொத்தானை விடவே இல்லை. அணில் பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, மரத்தின் உச்சியையும் தாண்டி, மேலே வரைந்திருந்த வௌவால் வரைக்கும் போய்விட்டது.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணே, அந்தச் சத்தம் மனுஷங்களுக்குக் கேக்காது. வௌவாலுக்குத்தான் கேக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

வாசலுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். ஐஸ் மைலோ வந்தும் அவர் தொடவில்லை. என்னங்க ஆச்சு என்று மூன்று முறை கேட்டேன்.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு," என்றார் கடைசியில். "ஆளு பேசறது தெரியுது. என்ன பேசறாங்கன்னு தெரியல. ஒன் கொரலு கேக்குது. யாழினி பேசறதுதான் சுத்தமா புரியல."

(நான் பாலர் பள்ளி ஆசிரியை. இருபத்தைந்து வாண்டுகளை அடக்கும் குரல் என்னுடையது.)

அவருக்குப் பதினான்கு வருடமாகத் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வேலை. காதடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் இயந்திரத்தின் ஓட்டம் பிசகுவது தெரியாது என்று இவர்தான் கழற்றி வைத்துவிடுவாராம். இப்போது சூப்பர்வைசர் பதவிக்கு இவர் பெயர் போயிருக்கிறது. காது விஷயம் வெளியே தெரிந்தால் ஸ்டோருக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

போன வருடம் பள்ளியில் கதை சொல்லும் போட்டி. யாழினி ஒரு வாரம் வீட்டுக் கூடத்தில் பயிற்சி செய்தாள். இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அப்பாவுக்கு என் கதை பிடிக்கல," என்று அவள் அழுதபோது, அப்பா அப்படித்தான், விடு என்று நான் சொன்னேன்.

அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

அதை இப்போது அவரிடம் சொன்னேன். மைலோவைத் தள்ளி வைத்தார்.

"போட்டியன்னிக்கு முன் வரிசையில உக்காந்தேன். அப்பவும் ஒரு வார்த்தை வெளங்கல. எல்லாரும் கை தட்டும்போது நானும் தட்டுனேன்."

எதிரே இருந்த யாழினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பிடி உக்காந்து பேசினா தெரியுதாப்பா?"

தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. முகம் கழுவப் போய்விட்டார்.

மறுவாரமே மருத்துவமனைக்குப் போனோம். இழந்த கேட்கும் திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், காதில் மாட்டும் கருவி ஓரளவுக்கு உதவும் என்றார் டாக்டர். வேலையிடத்தில் விஷயத்தைச் சரவணனே போய்ச் சொன்னார். பதவி உயர்வைப் பற்றி இன்னும் பதில் இல்லை. ஸ்டோருக்கும் அனுப்பவில்லை. காதடைப்பானை மட்டும் இப்போது கழற்றுவதில்லை.

நேற்று கருவியை மாட்டிச் சோதித்தார்கள். யாராவது பேசுங்கள் என்றார் அங்கிருந்த பெண். நான் வாயைத் திறந்ததும் சரவணன் காதைப் பொத்திக்கொண்டார். (இதை நான் மறக்கப்போவதில்லை.)

யாழினி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். "அப்பா, நான் பேசறது கேக்குதா?" என்றாள், சாதாரணக் குரலில்.

அவர் திரும்பி அவளையே பார்த்தார்.

"ஒன் கொரலு மாறிருச்சேம்மா," என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எப்ப மாறுச்சு?"

தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் தெரியவில்லை.