வெறுங்காலுக்கு ஒரு ரோடு

எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரை வியாதி. ரெண்டு பாதமும் மரத்துப்போய் கொஞ்ச காலமாச்சு. ஆணி குத்தினாலும் தெரியாது. அப்படிப்பட்ட மனுஷன் மாசம் தவறாம பௌர்ணமிக்கு வெறுங்கால்ல மலையைச் சுத்துவாரு. சுத்தறது தப்புனு நான் சொல்லலை. நான் பொறந்ததே அடி அண்ணாமலை, கிரிவலத்தைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். ராத்திரி போங்களேன்னுதான் சொல்றேன். கேப்பாரா? திதி எப்ப ஆரம்பிக்குதோ அப்பதான் காலை எடுத்து வைப்பாரு. காலண்டர்ல மத்தியானம் ரெண்டு மணினு போட்டிருந்தா, சித்திரை வெயிலா இருந்தாலும் ரெண்டு மணிதான்.

முன்னெல்லாம் அது பெரிய விஷயமா இல்ல. கிரிவலப் பாதை ஓரத்துல புளியமரம் நெருக்கமா இருந்துது, மரத்தடியில மண்ணு இருந்துது. ரோடு சுட்டா மண்ணுல இறங்கி நடப்பாங்க. அப்புறம் ஊரை அழகு பண்றோம்னு கிளம்பினாங்க. மண்ணு இருந்த இடமெல்லாம் பேவர் பிளாக் கல்லு. மரத்துக்கு மூச்சுவிட இடம் விடாம அடிவரைக்கும் சிமெண்ட். தண்ணி உள்ள இறங்காம, பாதை ஓரத்துல நாங்க வெச்சிருக்கற கடைக்கு எதிர்லயே ரெண்டு மரம் பட்டுப்போச்சு. அதை வெட்டினாங்க. வெட்டின இடத்துலயும் கல்லைப் பதிச்சாங்க! வெயில் வருஷா வருஷம் ஜாஸ்தியாகுது, நிழல் வருஷா வருஷம் கம்மியாகுது. எந்த மகராசன் இதுக்குக் கையெழுத்துப் போட்டானோ தெரியலை.

போன சித்திரா பௌர்ணமிக்கு மத்தியானம் போயிட்டு, சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. நல்ல தரிசனமாம். அவரு நடந்து வந்த தரையெல்லாம் ஈரம். கால் கழுவிட்டு வந்திருக்காருனு நெனச்சேன். துடைக்கலாம்னு போய்ப் பாத்தா அது தண்ணி இல்ல. உக்காரவெச்சுப் பாதத்தைத் திருப்பினேன், தோலு உரிஞ்சு சதை தெரியுது. "வலிக்கலையே"ங்கறாரு. அடப்பாவி மனுஷான்னு வாய்விட்டுக் கத்திட்டேன். புண்ணு புரையோடி, கடைசில சுண்டுவிரலை எடுத்தாங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் என்னைப் பாத்துச் சொன்னாரு. ஏதோ நான்தான் அவரைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போன மாதிரி.

அந்தக் கட்டுப் பிரிக்கறதுக்குள்ள பக்கத்து ஊரு வேங்கிக்கால்ல ஒரு கல்யாண மண்டபத்துல அதிகாரிங்க கூட்டம் போட்டாங்க. மாறிக்கிட்டு வர்ற வெயிலுக்கும் மழைக்கும் தக்கபடி ஊரை எப்படி அமைக்கறதுனு திட்டம் தீட்டறாங்களாம், ஜனங்களும் வந்து கருத்துச் சொல்லலாமாம். கடையைப் பூட்டிட்டு ஓடினேன். வெளியில அனல் அடிக்குது, உள்ள ஏசி குளிருக்கு எல்லாரும் முந்தானையைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். திரையில மலையைச் சுத்திப் பச்சையா ஒரு பட்டை காட்டினாங்க. பச்சைனா மரமாம். முதல் கட்டம் ரோடு அகலம் பண்றது, ரெண்டாவது விளக்கு, மூணாவதுலதான் மரம். இவங்க அறிவைக் கொண்டுபோய் ஒடப்புல போட!

நான் மைக்கை வாங்கினேன். "சார், வளர நாளாகறது மரம்தானே, அதை மொதல்ல நடுங்க. ஓரமா ஒரு ஆள் நடக்கற அளவுக்காவது கல்லைப் பேத்துட்டு மண்ணு விடுங்க. வெறுங்கால்ல நடக்கற ஊரு சார் இது"ன்னேன். மேடையில இருந்த வெளியூர் நிபுணர் பொறுமையா சிரிச்சு, "செருப்புப் போட்டுக்கிட்டு நடக்கலாமேம்மா"ன்னாரு. மண்டபமே "ஐயய்யோ"ன்னுச்சு. உண்மையைச் சொன்னா, அதே வார்த்தையை வீட்டுல தினம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. ஆனா பொண்டாட்டி சொல்றது வேற, திட்டம் போடறவரு சொல்றது வேற. ரோட்டை மாத்தச் சொன்னா நடக்கறவனை மாத்தச் சொல்றாரே! கத்தினேன். நல்ல யோசனைம்மா, பாக்கறோம்னு சொல்லி டீயும் பிஸ்கட்டும் குடுத்து அனுப்பினாங்க. செவிடன் காதுல சங்கு ஊதினதோட சரி.

அடுத்த பௌர்ணமி. திதி மறுபடியும் மத்தியானமே பொறந்துடுச்சு. கட்டுப்போட்ட காலோட மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டறாரு.

"காலையே எடுத்தாதான் அடங்குவீங்களா?"

"இத்தனை வருஷம் விடாம போயிட்டு இப்ப விட்டா நல்லாவாடி இருக்கும்?"

"நீங்க கடையைப் பாத்துக்கங்க. உங்களுக்குப் பதிலா நான் போயிட்டு வரேன்"னு கோவத்துல சொல்லிட்டேன். சொன்னப்புறம் பின்வாங்க முடியுமா?

நான் ராத்திரியிலயே சுத்திப் பழகினவ. மத்தியானம் எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கடையிலேர்ந்து கிளம்பி குபேர லிங்கம் தாண்டறதுக்குள்ள கண்ணுல தண்ணி. ஓடறேன், ரோட்டு ஓரத்து வெள்ளைக்கோட்டு மேல நிக்கறேன், அங்க கொஞ்சம் சூடு கம்மி, மறுபடி ஓடறேன். எனக்குப் பக்கத்துல இடுப்புல கொழந்தையோட ஒருத்தி அதே மாதிரி ஓடறா. எங்களுக்குச் சுடுது, அதனால ஓடறோம். அவரு இதே ரோட்டுல கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிதானமா நடந்திருப்பாருனு நெனச்சதும் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துது.

கடைக்கு வந்து பெஞ்சு மேல காலைத் தூக்கிப் போட்டேன். அவரு கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. ரெண்டு பாதத்துலயும் கொப்புளம். தொட வந்த கையைத் தொடாம இழுத்துக்கிட்டாரு.

"ஏண்டி, ரோடு இவ்ளோவா சுடுது?"ன்னு கேட்டாரு.