வாட்ச் பார்த்த வியாழக்கிழமைகள்

செம்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் லூசியம்மாள் பதினேழு வருஷமாக நர்ஸாக வேலை பார்த்தாள். சொந்த ஊர் மணப்பாடு. வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. பம்பாயில் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். கடைசியாகத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று அவளுக்கே நினைவில்லை.

1964-இல் அவள் கையில் ஆயிரத்து நூறு ரூபாய் சேர்ந்திருந்தது. முன்பும் ஒருமுறை இப்படிச் சேர்ந்ததுண்டு. வெள்ளை மனசோடு அதைப் பற்றி ஊரிலிருந்த தம்பி சேசுராஜுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். அடுத்த மாதமே பணம் அவன் மூத்த மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை மட்டும், கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்து வந்தது.

இந்தத் தடவை மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தாள். நகையாக வாங்கினால் தம்பியின் இளைய மகளுக்குக் கேட்பார்கள். போதாததற்குப் போன வருஷம் வந்த தங்கச் சட்டம் வேறு. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்ய வழியில்லை.

"நல்ல சீமை வாட்ச்சா ஒண்ணு வாங்கிப் போடுங்கோ சிஸ்டர். வரத்து கம்மி, விலை ஏறிண்டே இருக்கு. தங்கத்துல போடற மாதிரிதான்" என்றார் கம்பவுண்டர் அனந்தகிருஷ்ணன்.

வாட்ச் அவளுக்குத் தேவையும்தான். படிக்கிற காலத்தில் வாங்கிய வாட்சில் நொடிமுள் விழுந்துவிட்டது. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அவளுக்கு ஓய்வு. குர்லாவில் வண்டி மாறி மாதுங்காவுக்குப் போனாள். அங்கே காயல்பட்டினத்து அப்துல் ரவூப் வாட்ச் கடை வைத்திருந்தார். இரண்டு பேர் நிற்கலாம், ஒருவர் முக்காலியில் உட்காரலாம், அவ்வளவுதான் கடை.

ரவூப் நீலத் துணியை விரித்து இரண்டு வாட்சுகளை வைத்தார். ஒன்று தங்கக் கூடு போட்ட ஒமேகா, ஆயிரத்து ஐம்பது. மற்றது ஸ்டீல் ரோலெக்ஸ், எண்ணூறு. "ரெண்டுக்கும் பில் இருக்கு சிஸ்டர். கள்ளச் சரக்கு நம்ம கடைக்குள்ள வராது."

"எது பின்னால நல்ல விலைக்குப் போகும் பாய்?"

"தங்கம் தங்கம்தான். எடைக்கே காசு. ஆனா நொடிமுள்ளு கிடையாது. ஸ்டீல் தண்ணிக்கும் அசையாது, நாள்பட உழைக்கும். விலையும் ஏறும். எவ்வளவுன்னு அல்லாதான் சொல்லணும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வியாழனும் போனாள். அதற்கடுத்த வியாழனும் போனாள். ரவூப் டீ வரவழைத்தார். ஊரில் இருக்கும் மனைவியைப் பற்றிச் சொன்னார், கடைவாய்ப்பல் வலியைப் பற்றிச் சொன்னார். லூசியம்மாள் கிராம்புத் தைலம் வைக்கச் சொன்னாள். அவள் பெயரைக் கேட்டு, நாலாவது வாரத்திலிருந்து "வாங்க லூசியம்மா" என்றார். அவளும் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோனாள். எண்ணெய் போட எவ்வளவு ஆகும், கூட்டை உருக்கினால் என்ன தேறும், பெண்பிள்ளை இவ்வளவு பெரிய வாட்சைக் கட்டினால் சிரிக்க மாட்டார்களா?

மாதுங்கா நெருங்கும்போதெல்லாம் அவளுக்குப் பயம் வரும். இரண்டில் ஒன்று விற்றுப்போயிருந்தால்? அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஏழாவது வியாழன் ரவூப் சொல்லிவிட்டார். "ஒரு சிந்தி சேட் தங்கத்தக் கேக்காரு. இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிருங்க."

அவள் இரண்டு வாட்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "நான் உங்க கூடப்பிறந்தவளா இருந்தா எதை வாங்கச் சொல்லுவீங்க?"

"கூடப்பிறந்தவன்னா ஒண்ணு கேப்பேன். தங்கத்த வாங்கிப் பெட்டியில வைப்பீங்க. பத்து வருஷம் கழிச்சு விப்பீங்க. அந்த ரூவா யாருக்கு?"

டீயில் ஆடை படிந்துவிட்டது. "அதுக்கு ஆள் இல்ல பாய்" என்றாள்.

"அப்ப ஸ்டீலக் கட்டிக்கிடுங்க. கட்டுற கைக்காவது ஆகட்டும்."

வாரில் புதிதாக ஒரு துளை போட்டு அவரே அவள் கையில் கட்டிவிட்டார். மறுநாள் காலையில் அண்ணாந்து பார்க்காமல் நாடி எண்ணியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வியாழன் தலைக்குக் குளித்தாள், துணி தேய்த்தாள், தூங்கி எழுந்தாள். மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாதுங்காவுக்குப் போனாள். "கொஞ்சம் பிந்துற மாதிரி இருக்கு பாய்."

ரவூப் காதில் வைத்துக் கேட்டார், கடைக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். "ஒரு நொடி பிசகல லூசியம்மா. கவலப்படாதீங்க." சொல்லிவிட்டு முக்காலியில் இருந்தவர் பக்கம் திரும்பினார். ரயில்வே குமாஸ்தா போலிருந்த அந்த மனிதர் முன்னால் இரண்டு வாட்சுகள் இருந்தன. லூசியம்மாள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தாள். அதன் பிறகு அந்தக் கடைக்கு அவள் போகவில்லை.

மூன்று வருஷம் கழித்து சேசுராஜ் ஏதோ வேலையாகப் பம்பாய் வந்தான். நாலு நாள் அக்காவின் அறையில் தங்கினான். அதற்குள் வாட்சின் விலை ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டதாக அனந்தகிருஷ்ணன் சொல்லியிருந்தார்.

"என்னக்கா, ஆம்பள வாட்சக் கட்டியிருக்க?"

"டூட்டிக்கு வேணும்லா. வெறும் ஸ்டீல்தான்" என்றாள்.

அவன் அப்புறம் அதைப் பார்க்கவே இல்லை. அந்த நாலு நாளும் அவள் விடியற்காலையில் எழுந்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவன் குறட்டை விடுவதைக்கூடக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தாதரில் வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. விலையைச் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு நாள் இருந்திருப்பானோ?